நிறுவனர் கையில் இருந்த வாளி

மனிதர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் கூட்டிச் சொல்லும். மொத்தம் நாற்பத்தொரு கல்லூரிகள். பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் மூத்த கல்லூரி முன்னால் நடக்கும், இளையது பின்னால் வரும் என்று ஒரு விதி. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் தன் பிறந்த வருடத்தோடு நிம்மதியாக இருந்ததில்லை.

சட்டக் கல்லூரி தன் தோட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரி, அதுதான் தங்கள் முதல் வகுப்பறை என்று வாதாடி எட்டு இடம் முன்னேறியது. பல் மருத்துவக் கல்லூரிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது. அதில் சொத்தையைச் சுரண்டிய தடம் இருப்பதாகச் சொல்லி நூற்றுப்பத்து வருடம் ஏறிக்கொண்டது. அது மாட்டுப் பல் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி ஆட்சேபித்தது. பிறகு நிதானமாக யோசித்து, மாட்டுப் பல்தான், ஆகவே அந்த நூற்றுப்பத்து வருடம் தங்களுக்கே சேர வேண்டும் என்று மனுவைத் திருத்தியது.

இந்தப் பந்தயத்தில் உண்மையாகவே உடம்பு வலித்தது ஒருவருக்குத்தான். பல்கலைக்கழகத்தின் அங்கி அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். பேராசிரியர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் அங்கியக்கா. பட்டமளிப்பு அங்கிகளைத் துவைக்கக் கொடுத்து வாங்கி, இஸ்திரி போட்டு, பூச்சி உருண்டை வைத்து, ஊர்வல வரிசைப்படி கம்பிகளில் தொங்கவிடுவது அவர் வேலை. கரையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கல்லூரி என்று சொல்வார். ஒரு கல்லூரிக்கு வயது கூடினால் அவர் நாற்பத்தொரு கம்பிகளிலும் அங்கிகளை மாற்றித் தொங்கவிட வேண்டும். பல் கிடைத்த வருடம் மட்டும் மூன்று முறை மாற்றினார்.

"அந்த மாட்டுக்கு இன்னும் ஒரு பல்லு இருந்திருந்தா எனக்குத் தோள்பட்டை போயிருக்கும்" என்று வீட்டில் தன் அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தாள். அப்போது அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அங்கி அறை இருந்தது வடக்குக் கல்லூரியின் தரைத்தளத்தில். வடக்குக் கல்லூரியும் தெற்குக் கல்லூரியும் ஒரு காலத்தில் ஒரே கல்லூரி. இரண்டு மூத்த பேராசிரியர்களுக்குள் தகராறு வந்து, நடுமுற்றத்தில் சுவர் எழுப்பி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் வாசற்படியின் மேலேயே ஏறி நிற்கும். படி பதினான்கடி அகலம். ஏழு வடக்கு, ஏழு தெற்கு. பட்டியலில் இரண்டும் பத்தொன்பதாவது, இருபதாவது இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருந்தன.

வடக்குக்குப் புதிதாக வந்த முதல்வர் இதற்கு ஒரு முடிவு கட்டத் தீர்மானித்தார். 'அடையாளப் பிரிவு' என்று ஓர் அறைக்குப் பலகை மாட்டினார். அதற்கு ஒரு வரலாற்று அலுவலர், ஒரு குமாஸ்தா, ஒரு கணினி. கல்லூரி நூற்றெழுபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மகானால் நிறுவப்பட்டது என்று மூன்றே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். மகான் யார் என்பதுதான் பாக்கி. அதற்காக ஒரு சுற்றறிக்கை வந்தது: ஊழியர்கள் தங்கள் வீட்டில் உள்ள, கல்லூரி தொடர்பான பழைய படங்களைக் கண்காட்சிக்குத் தந்து உதவ வேண்டும். பதினைந்து நாளில் பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.

அங்கியக்கா வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தது. ஒரே ஒரு படம். அவருடைய அப்பாவின் படம்.

அப்பா கல்லூரியில் பம்பு ஆபரேட்டர். சுவர் எழுவதற்கு முந்தைய வருடம், ஆசிரியர்கள் எல்லோரையும் வாசற்படியில் நிறுத்தி குழுப் படம் எடுக்க ஏற்பாடானது. புழுதி பறக்காமல் இருக்க முற்றத்தில் தண்ணீர் தெளிக்க அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். படக்காரர் கேமராவைச் சரிபார்க்க யாராவது நடுவில் நிற்கட்டும் என்று சொல்ல, அப்பா வாளியோடு போய் நின்றார். "அப்படியே இருங்க, ஆடாதீங்க" என்றார் படக்காரர். அதற்குள் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று இரண்டு பேராசிரியர்களுக்கும் வாய்த்தகராறு முற்றியது. பின்னால் சுவராக எழுந்தது அந்தத் தகராறுதான். படம் எடுக்காமலே எல்லோரும் கலைந்தார்கள். வந்ததற்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று படக்காரர் பொத்தானை அழுத்தினார். அப்பாவுக்கு ஒரு பிரதி கொடுத்தார்.

ஆளில்லாத அகலமான படி, பின்னால் தூண்கள், நடுவில் ஒற்றை மனிதன். இடது காதின் நுனியில் பம்பு பெல்ட் தின்ற சிறு வெட்டு. வலது கையில் நிறைந்த வாளி. அப்பா போய் முப்பது வருடமாகியும் அம்மா தினமும் காலையில் அந்தப் படத்தைத் துடைக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்:

"போட்டோ எடுக்குறாங்கன்னா வாளியக் கீழ வைக்கக் கூடாதா? இன்னும் தூக்கிட்டு நிக்கிறாரு பாரு மனுஷன்."

படத்தைக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. ஆனால் அப்பா வேலை பார்த்த கல்லூரியின் கண்காட்சியில் அப்பா நிற்பார் என்பது மகளுக்குப் பெருமையாக இருந்தது. "பதினஞ்சு நாள்தாம்மா" என்று சொல்லிச் சுவரிலிருந்து இறக்கினார். ஆணி மட்டும் நின்றது.

அடையாளப் பிரிவில் குமாஸ்தா கணினியில் பதிந்தார். "படத்துல யாரு?"

"எங்கப்பா."

"அது இல்லக்கா. பதவி என்ன?"

"பம்பு ஆபரேட்டர்."

குமாஸ்தா திரையில் மேலும் கீழும் தேடினார். "முதல்வர் இருக்கு, பேராசிரியர் இருக்கு, கொடையாளர் இருக்கு, நிறுவனர் இருக்கு. பம்பு ஆபரேட்டர் இல்லியே. ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"வேற என்ன இருக்கு?"

"'ஆள் தெரியவில்லை'ன்னு ஒண்ணு இருக்கு."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்க்கா. இதுக்குத் தெரியாது" என்று கணினியைக் காட்டினார். ரசீது வந்தது: பழைய படம் 1, கண்ணாடிச் சட்டத்துடன். ஆள் தெரியவில்லை.

பதினைந்து நாள் முப்பதானது. கண்காட்சி தள்ளிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். அந்த மாதத்தில்தான் அம்மா ஒரு நாள் சாப்பிடும்போது, "தட்டுல நடுவுல ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்டாள். தட்டு சுத்தமாகத்தான் இருந்தது.

கண் மருத்துவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவருகிறது. ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை போய்விடும். ஊசி போட்டால் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது என்றார். "இன்னும் ஒரு நாலஞ்சு மாசம் முகமெல்லாம் தெரியும். பார்க்க வேண்டியவங்களப் பார்த்துக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "உன்ன தினம் பாக்குறேன். உன் தம்பி போன்ல வரான். உங்கப்பாவைத்தான் பாக்கணும். அந்தப் படத்தைக் கொண்டு வந்துரும்மா."

தம்பியிடம் போனில் சொன்னபோது அவன் திட்டினான். "போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

"எடுத்தேன்டா."

எடுத்திருந்தார். கண்ணாடியில் வீட்டு ட்யூப்லைட் விழுந்து, அப்பாவின் முகத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு மேலே தலைமுடி, கீழே சட்டைப் பொத்தான்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தவர் வடக்குக் கல்லூரி வாசலில் நின்றுவிட்டார். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அப்பா. சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு ஏறியிருந்தது. வாளி இல்லை. கீழே: 'காலத்தை வென்ற எம் நிறுவனர்.'

அங்கியக்கா முதலில் சிரித்தார். காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். "அண்ணே, இது எங்கப்பா."

காவலாளி பேனரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சொல்லவே இல்லியேக்கா! இவ்ளோ பெரிய எடத்துப் பொண்ணு, நீங்க ஏன் இஸ்திரி போடுறீங்க?"

மாலையில் அம்மாவைக் கூட்டிவந்து காட்டலாம் என்று நினைத்தார். மதியமே பேனர் இறங்கிவிட்டது. தெற்குக் கல்லூரி ஆட்சேபம் தெரிவித்திருந்தது.

ரசீதோடு அடையாளப் பிரிவுக்குப் போனார். வரலாற்று அலுவலர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். ரசீதை வாங்கிப் படித்தார்.

"ஆள் தெரியவில்லைன்னு நீங்களே குடுத்திருக்கீங்க. நாங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கோம்."

"சார், அவரு எங்கப்பா. இங்க பம்பு ஷெட்டுல வேலை பார்த்தாரு."

"ஆதாரம் இருக்காம்மா?"

"அந்தப் படம்தான் சார் ஆதாரம்."

"அந்தப் படம் நிறுவனருக்கு ஆதாரம். ஒரே படம் ரெண்டு பேருக்கு ஆதாரமா இருக்க முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அங்கியக்கா யோசித்தார். "நிறுவனர் நூத்தி எழுபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவரு. அப்ப இந்த ஊர்ல போட்டோ எடுத்தாங்களா சார்?"

அலுவலரின் முகம் மலர்ந்தது. "அதத்தான் நானும் கட்டுரையில எழுதியிருக்கேன். காலத்துக்கு முன்னால நடந்தவர்."

"பின்னாடி தூண்ல கரண்டு ஒயர் போகுது சார்."

"போச்சு. சீர் பண்ணிட்டோம்."

"காதுல வெட்டு?"

"அதுவும் சீர் பண்ணிட்டோம்."

"சார், எனக்கு யாரு நிறுவனரா இருந்தாலும் ஒண்ணும் இல்ல. நீங்க அவரையே வெச்சுக்கங்க. படத்த மட்டும் குடுத்துருங்க. எங்கம்மாவுக்குக் கண்ணு போயிட்டு இருக்கு."

அலுவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருடைய தாயாருக்கும் கண்புரை இருந்ததாம். எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பத்து நிமிடம் விளக்கினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். 'நிறுவனரின் வழித்தோன்றல் என உரிமை கோரும் விண்ணப்பம்.' அதை நிரப்பினால் விழாவில் இரண்டாம் வரிசையில் இடம் தர வாய்ப்பிருப்பதாகச் சொன்னார். அதில் 'நிறுவனருக்கு நீங்கள் எத்தனையாவது தலைமுறை?' என்ற கேள்விக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன.

வீட்டில் அம்மாவிடம் செய்தியைச் சொன்னார். அம்மா கேட்டாள். "பெரிய ஆளா ஆக்கிட்டாங்களா?"

"ஆமாம்மா. காலேஜைக் கட்டினவரே அவருதானாம்."

"ஒரு நாள் லீவு கேட்டதுக்கு என்ன பேச்சுப் பேசினாங்க அந்த மனுஷன." தலையைக் கோழி மாதிரி ஒருபக்கம் சாய்த்து ஆணியைப் பார்த்தாள். இப்போதெல்லாம் எதையும் அப்படிச் சாய்த்துத்தான் பார்த்தாள்.

இதற்கிடையில் தெற்குக் கல்லூரி தன் வாதத்தை முன்வைத்தது. படம் எடுத்தபோது சுவர் இல்லை. நிறுவனர் நிற்பது படியின் நடுவில். ஆகவே அவர் இரண்டு கல்லூரிக்கும் பொது. நில அளவையாளர்கள் சங்கிலியோடு வந்து படியை அளந்தார்கள். நிறுவனரின் வலது பாதம் வடக்குக் கல்லூரியிலும் இடது பாதம் தெற்குக் கல்லூரியிலும் இருப்பதாகவும், மூக்கு சரியாகச் சுவரின் மேல் விழுவதாகவும் அறிக்கை கொடுத்தார்கள்.

துணைவேந்தர் தலைமையில் கூட்டம் நடந்தது. சிறப்புக் கூட்டமாதலால் எல்லோரும் அங்கியோடு உட்கார வேண்டும் என்று மரபு. அங்கிகளைக் கொண்டுவந்து மாட்டிவிட அங்கியக்காவும் வந்திருந்தார். அலமாரிப் பக்கம் நின்றபடி, தன் அப்பாவைப் பிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையும் வலது காலும் வடக்குக்கு, இடது கையும் இடது காலும் தெற்குக்கு, முகம் பொது. இதில் சீக்கிரமே உடன்பாடு வந்தது. முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் மூன்று மணி நேரம் போயிற்று. நெற்றி சிறியதாக இருக்கிறது, அது கல்விக்கு அழகல்ல என்றது வடக்கு. கன்னம் ஒட்டியிருக்கிறது, நிதி கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றது தெற்கு. கண்ணில் களைப்பு தெரிவதாக இரண்டுமே சொன்னதால் அது உடனே நீக்கப்பட்டது.

எல்லாம் முடிந்து தேநீர் வந்தபோது அங்கியக்கா துணைவேந்தரின் அங்கியை வாங்கி மடித்துக்கொண்டே, பயந்துபோய், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஐயா, அது எங்கப்பா."

வரலாற்று அலுவலர் எழுந்து துணைவேந்தரின் காதில் ஏதோ சொன்னார். துணைவேந்தர் பெருந்தன்மையானவர். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் பேசும் குரலிலேயே பேசினார்.

"அம்மா, உங்கள் உணர்வை நான் மதிக்கிறேன். இந்தப் பல்கலைக்கழகம் தன் கடைநிலை ஊழியர்களை ஒருபோதும் மறந்ததில்லை. மறப்பதற்கு முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டும், அந்தத் தவறையும் நாங்கள் செய்ததில்லை. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு பம்பு ஆபரேட்டர் நிறுவனராகியிருக்கிறார். நான் விரிவுரையாளராகச் சேர்ந்து இந்த நாற்காலிக்கு வர முப்பத்தாறு வருடம் ஆயிற்று. எத்தனை பேர் காலைப் பிடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். உங்கள் தந்தைக்கு இரண்டே மாதத்தில், அதுவும் இறந்த பிறகு, இந்தப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஒருவருடைய அப்பாவாக மட்டும் இருந்தவர் இன்று நாற்பதாயிரம் மாணவர்களுக்கு அப்பா. அதைத் திருப்பிக் கேட்கிறீர்களே, நியாயமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அங்கியக்கா, "படத்த மட்டும் ஐயா" என்றார்.

படம் எங்கே என்று துணைவேந்தர் கேட்டார். காலப்பேழையில் இருப்பதாக அலுவலர் சொன்னார். சென்ற வாரம் நிறுவனரின் நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதன் அடியில் ஒரு செப்புப் பெட்டி புதைத்தார்கள், அதற்குள். கல்லூரியின் முந்நூறாவது ஆண்டு விழாவில் திறப்பார்கள்.

"முந்நூறாவது எப்ப சார்?" என்றார் அங்கியக்கா.

"இன்னும் நூத்தி இருபத்தேழு வருஷம்தான்" என்றார் அலுவலர். பிறகு, ஆறுதலாக: "கல்லூரிக்கு இடையில வயசு கூடினா அதுக்கு முன்னாடியே வரும்."

கணினியில் பிரதி இருக்குமே என்று அங்கியக்கா கேட்டார். நிறுவனருக்கு இரண்டு முகம் இருப்பது முறையல்ல என்று ஓவியக் குழு முன்பே முடிவு செய்ததால் பழையதை அழித்துவிட்டார்களாம். இனி வரப்போகும் எண்ணெய் ஓவியம்தான் அதிகாரபூர்வமான முகம்.

ஓவியர் ஒரு வாரம் கழித்து அங்கி அறைக்கு வந்தார். விரல் நகங்களில் வண்ணம் ஒட்டிய, பேச்சுக் குறைந்த மனிதர். நிறுவனருக்கு மாட்ட ஓர் அங்கி வேண்டும் என்றார்.

"எந்தக் கரை?" என்றார் அங்கியக்கா, பழக்கத்தில்.

"ரெண்டு கரையும் வேணுமாம். வலது பக்கம் வடக்கு, இடது பக்கம் தெற்கு."

அங்கியக்கா இரண்டு அங்கிகளை எடுத்து நடுவில் பிரித்து ஒன்றாகத் தைத்தார். பிறகு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினார். இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேருக்குத் தேய்த்த கை, அன்று மடிப்பை மூன்று முறை தேய்த்தது. அப்பாவுக்கு அவர் சட்டை தேய்த்துக் கொடுத்ததே இல்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பம்பு ஷெட்டுக்கு யார் போவார்கள்?

ஓவியர் கவனித்துக்கொண்டே இருந்தார். "காவலாளி சொன்னாரு. உங்கப்பாவாமே."

"நீங்களாவது நம்புறீங்களா?"

"பொட்டியில போடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அந்தப் படத்த என்கிட்ட குடுத்தாங்க. கைய மட்டும் வரைஞ்சு வெச்சுக்கிட்டேன். முகம் வரையறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிட்டாங்க. முகத்தத்தான் குழு எழுதிக் குடுத்திருச்சே, பதினோரு பக்கம்." தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "வலது கையில சுருள் வரையச் சொல்றாங்க. காகிதச் சுருள். அந்தக் கை காகிதம் பிடிக்கிற கை இல்லக்கா. மணிக்கட்டு இறங்கியிருக்கு, நரம்பு தெறிச்சிருக்கு. பதினஞ்சு லிட்டர் வெயிட்டு அதுல."

"வாளி."

"அதான பார்த்தேன்."

"கையையும் மாத்திருவீங்களா?"

ஓவியர் அங்கியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "கையப் பத்திக் குழு ஒண்ணுமே சொல்லல. சொல்லாதத மாத்தணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

நான்கு மாதங்கள் ஓடின. அம்மாவுக்கு நடுவில் இருந்த புகை விரிந்தது. முதலில் எழுத்து போயிற்று, பிறகு தெரு முனையில் வருபவர்கள், பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் மகள். குரலை வைத்தும் நடையை வைத்தும் ஆளைக் கண்டுகொண்டாள். ஓரங்கள் மட்டும் மிஞ்சின. கதவு நிலை, தரையில் கிடக்கும் செருப்பு, பேசிக்கொண்டிருப்பவரின் தோளுக்கு வெளியே இருக்கும் ஜன்னல். "எல்லாரும் ஓரத்துல நின்னாத் தேவலாம்" என்றாள் ஒரு நாள். படத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

பட்டமளிப்பு விழாவன்று ஓவியத்தைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே கல்லூரி என்று ஊர்வலத்தில் முதலிடம் கேட்டு வாங்கியிருந்தன. முதலிடம் கிடைத்ததும், இருவரில் யார் வலது பக்கம் நடப்பது என்று புதிய வழக்கு தொடங்கியிருந்தது. ஓவியத்தைப் பட்டமளிப்பு மண்டபத்தில் மாட்டி, பட்டுத் திரையால் மூடியிருந்தார்கள். அங்கிகளைக் கொண்டுபோய் அடுக்குவதற்காக மண்டபத்தின் சாவி அன்று காலை அங்கியக்காவிடம் இருந்தது.

ஏழு மணிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் காவலாளி மறித்தார். "அடையாள அட்டை இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவுக்கா. இன்னிக்கு ரொம்பக் கெடுபிடி."

"எங்கம்மா அண்ணே."

காவலாளி அம்மாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று காலைச் சேர்த்து வைத்து, விருந்தினர்களுக்கு வைப்பதற்காக ஒத்திகை பார்த்திருந்த சல்யூட்டை வைத்தார். "நிறுவனர் சம்சாரம். இவங்களுக்கு எதுக்கு அட்டை?" கேலியா நிஜமா என்று அவருக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு சல்யூட் தெரியவில்லை. காவலாளி நடுவில் நின்றார்.

மண்டபத்தில் ஆயிரம் நாற்காலிகள் காலியாக இருந்தன. அங்கியக்கா அம்மாவை ஓவியத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, திரையின் கயிற்றை இழுத்தார்.

உயரமான ஓவியம். அகலமான நெற்றியும் நிரம்பிய கன்னங்களுமாக, களைப்பே அறியாத கண்களோடு யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காதும் முழுசாக இருந்தன. வடக்கு முதல்வரின் சாயல் கொஞ்சம், தெற்கு முதல்வரின் சாயல் கொஞ்சம். வங்கியில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில், எங்கே மாட்டினாலும் பொருந்தும் முகம். இதற்காகவா கூட்டி வந்தோம் என்று அங்கியக்கா நினைத்தார். திரையை மூடிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தார்.

அம்மா அதற்குள் தலையைச் சாய்த்துவிட்டாள். முதலில் இடது பக்கம் சாய்த்தாள். தூணும் படியும் தெரிந்திருக்க வேண்டும். "அந்தப் படிதான்" என்றாள். பிறகு வலது பக்கம் சாய்த்தாள். அப்படியே நின்றாள். ஓரடி முன்னால் போனாள். இன்னும் ஓரடி.

"கை" என்றாள்.

அங்கியக்கா பார்த்தார். அங்கியின் கைமடிப்புக்குக் கீழே, ஒரு வெள்ளைக் காகிதச் சுருளைப் பிடித்தபடி, அப்பாவின் கை இருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு இறங்கி, நரம்பு தெறித்து. காகிதத்துக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவர்கள் யாராவது ஒரு நாள் கேட்பார்கள். கேட்காமலும் போகலாம்.

"முகம் எனக்குப் புகையா இருக்கு" என்றாள் அம்மா. "நீ சொல்லு. அப்படியே இருக்காரா?"

அங்கியக்கா நிறுவனரின் முகத்தைப் பார்த்தார். பதினோரு பக்கம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட முகம்.

"அப்படியே இருக்காரும்மா."

"காதுல வெட்டு?"

"இருக்கு."

"களைச்சுப் போயிருப்பாரே. அன்னிக்குக் காலையில இருந்து சாப்பிடல."

"ஆமாம்மா. களைப்பாத்தான் இருக்காரு."

வெளியே வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நாற்பத்தொரு கல்லூரிகள் முற்றத்தில் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. வலது பக்கம் யார் என்ற சத்தம் மண்டபம் வரை கேட்டது. அம்மாவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்தபடியே, பார்வையின் கடைசி ஓரத்தில் அந்தக் கையைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, முப்பது வருடமாகத் தினமும் காலையில் பேசிய அதே குரலில், கோபமில்லாமல் அதட்டினாள்.

"இன்னும் கீழ வைக்கலியா நீங்க? எல்லாரும் போயாச்சு. வைங்க."